ஆகாய மார்க்கமாக வெளிநாடு செல்லும் அங்கத்தினர்களுக்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் உள்ளே வந்து ஒரு காகிதத்தை என் மேஜைமேல் வைத்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கவும், புதிதாகப் பிறந்த பேரனைக் காணவும் அவர் வாங்கியிருந்த விமானச் சீட்டு அது. "பதினைந்தாம் தேதி என்றுதானே ஐயா போட்டிருக்கிறது? பதினைந்தாம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுத்தான் போனோம். விமானம் நேற்றே போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்" என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி 15; நேரம் 00:40. அதாவது பதினான்காம் தேதி இரவு பன்னிரண்டு மணி கழிந்து நாற்பதாவது நிமிஷம். நம் வழக்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குவது. பஞ்சாங்கமும் அப்படித்தான் கணக்கிடுகிறது; தறியில் இறங்குகிறவரும் அப்படித்தான் கணக்கிடுகிறார். பதினான்காம் தேதி இரவு படுத்து எழுந்தால்தான் நமக்குப் பதினைந்து. ஆனால் விமானச் சீட்டுக்கு நாள் நள்ளிரவில் பிறக்கிறது. ஆகவே அந்தப் பெரியவர் பதினான்காம் தேதி மாலையிலேயே வீட்டைவிட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். அவருடைய சீட்டு, பணம் திரும்பக் கிடைக்காத வகையைச் சேர்ந்தது. ஒரு மாதத்துக் கூலிக்கு மேற்பட்ட தொகை அப்படியே போயிற்று. அவர் எழுத்தறியாதவர் அல்லர். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருமுறை இருந்தவர். அவருக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நம் அங்கத்தினர்களில் இன்று விமானம் ஏறுகிறவர்கள் ஒருவர் இருவர் அல்லர். மகனையும் மகளையும் பார்க்கப் போகிறவர்கள், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், கைத்தறிக் கண்காட்சிக்குச் சேலைகளை எடுத்துச் செல்கிறவர்கள் எனப் பலர் உள்ளனர். இவர்களுக்குப் பயன்படக்கூடிய சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன். முதல் விஷயம் மேலே சொன்னதே. நள்ளிரவு பன்னிரண்டு முதல் அதிகாலை நான்கு வரை நேரம் குறித்த சீட்டாக இருந்தால், அதன் மேல் பேனாவினால் "இன்ன கிழமை மாலை வீட்டைவிட்டுப் புறப்பாடு" என்று தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருப்பது முறை. சீட்டில் காணும் இறங்கும் நேரம் இறங்குகிற ஊரின் கடிகாரப்படி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னே இருக்கிறது. துபாய் ஒன்றரை மணி பின்னே இருக்கிறது.

அடுத்தது பெயர். இதில் தமிழர்களாகிய நமக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத்தான் முன்னால் போட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் முதலெழுத்துகளுக்கு இடமில்லை; பெயரை விரித்தே எழுத வேண்டும். ரேஷன் அட்டையில் ஒரு விதம், பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டில் வேறு விதம் என்றிருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் எந்த விதமாக இருக்கிறதோ அதே எழுத்துகளில் விமானச் சீட்டிலும் விசாவிலும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் நிலையத்தில் நிற்க வைத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்து, குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தால் இன்னும் சிக்கல். 2022-ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஐக்கிய அரபு நாடுகள், அப்படி ஒற்றைப் பெயர் கொண்டவர்களைப் பார்வையாளர் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தன. தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கிறவர்கள் விண்ணப்பத்திலேயே தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பாஸ்போர்ட் பெரியவர்களுக்குப் பத்து வருஷம் செல்லும். ஆனால் கடைசி ஆறு மாதத்தை இல்லாததாகவே கருத வேண்டும். சிங்கப்பூரும் அரபு நாடுகளும் இன்னும் பல நாடுகளும், உள்ளே நுழையும் நாளில் குறைந்தது ஆறு மாத ஆயுள் பாஸ்போர்ட்டுக்கு இருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

இனி, வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் நகைக்கடன் பேரேட்டைத் தணிக்கை செய்யும்போது, கடன் வாங்கிய காரணத்தை அங்கத்தினர்களிடம் பேச்சுவாக்கில் கேட்பது என் வழக்கம். விதை, உரம், கல்யாணம் என்பவற்றுக்கு அடுத்தபடியாக நான் கேட்கும் பதில், "பையன் வெளிநாடு போகிறான்" என்பதே. அப்படி ஒரு விவசாயி தம் மனைவியின் நகைகளை அடகு வைத்து, ஒரு தரகரிடம் பணத்தைக் கொடுத்தார். பையன் மூன்று மாதத்தில் திரும்பி வந்தான். அவனுக்குக் கொடுக்கப்பட்டது வேலை விசா அல்ல. ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கான விசா. அதன் தவணை முடிந்ததும் அங்கே அவன் சட்டவிரோதமாகத் தங்கியவன் ஆனான். வேலை கொடுத்தவர் சம்பளமும் கொடுக்கவில்லை. அவன் புகார் செய்யவும் வழியில்லை. நகைகள் கடைசியில் ஏலத்துக்குப் போயின. அந்த ஏல நோட்டீஸை நான் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இதைத் தடுப்பதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1983-ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் தரகர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் 'இ-மைக்ரேட்' என்னும் அரசு இணையதளத்தில் இருக்கிறது. சங்கத்துக் கணினியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற தரகர் தம் சேவைக்காக வாங்கக்கூடிய உச்ச தொகை 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும்தான். இதற்கு ரசீது உண்டு. லட்சக்கணக்கில் கேட்டு, ரசீதும் தரமறுக்கிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்று ஒரு குறிப்பு இருக்கும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள், வருமான வரி செலுத்துகிறவர்கள் முதலியோருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. குறிப்பு உள்ளவர்கள் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு நாடுகள், கத்தார், குவைத், ஓமான், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலை நிமித்தம் போகும்போது, குடியகல்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது. மகனைப் பார்த்துவிட்டு வரப் போகிறவருக்கு இந்த அனுமதி வேண்டியதில்லை. அநேகர் இந்தக் குறிப்பை ஓர் அவமானம் என்று நினைக்கிறார்கள். தரகர்களும் "அதெல்லாம் இல்லாமல் அனுப்பிவிடுகிறேன்" என்று ஆசை காட்டுகிறார்கள். உண்மையில் அது ஒரு கவசம். அனுமதி கேட்கும்போது வேலை ஒப்பந்தம், சம்பளம், வேலை கொடுப்பவரின் விவரம் யாவும் அரசின் பதிவில் ஏறிவிடுகின்றன. கூடவே 'பிரவாசி பாரதீய பீமா' என்னும் காப்பீடும் எடுக்கப்படுகிறது. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் பத்து லட்ச ரூபாய் வரை கிடைக்கும். அதன் கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ கணினி வேலை, பெரிய சம்பளம், படிப்பு தேவையில்லை என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நம்ப வேண்டாம். 2022-ஆம் ஆண்டில் அப்படித் தாய்லாந்து வழியாக மியான்மர் எல்லையிலுள்ள மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ் இளைஞர்கள், இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்களை மீட்க அரசுகள் பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

பெட்டி கட்டுவதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். இதில் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன். பெட்டிகள் இரண்டு வகை. விமானத்தின் அடிப்பகுதியில் போவதற்காக ஒப்படைக்கும் பெட்டி ஒன்று. கையோடு எடுத்துச் செல்லும் பை மற்றொன்று. கைப்பைக்குப் பெரும்பாலும் ஏழு கிலோ. பழைய கணக்கில் பத்து ராத்தல் நூல் கட்டு ஒன்று ஏறத்தாழ நாலரை கிலோ; அப்படி ஒன்றரைக் கட்டுதான் உங்கள் கைப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் பெட்டியின் அளவு சீட்டுக்குச் சீட்டு மாறும். ஆனால் எவ்வளவு பணம் கட்டினாலும் ஒற்றைப் பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. தூக்குகிற தொழிலாளியின் முதுகை உத்தேசித்து வைத்த விதி அது. சங்கத்து நூல் தராசில் வீட்டிலிருந்து புறப்படுமுன் எடை பார்த்துவிட்டால், நிலையத்தில் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்து முறுக்கையும் அதிரசத்தையும் வெளியே எடுக்கும் சங்கடம் நேராது.

தென்னை விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது. இதைச் சொன்னால் பலர் நகைக்கிறார்கள். கொப்பரைக் கிடங்கில் மூட்டைகளை நெருக்கி அடுக்கி, காற்றோட்டமில்லாமல் விட்டால் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கொப்பரையில் உள்ள எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெப்பத்தை உண்டாக்குகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் கூடிக்கொண்டே போய்த் தானே தீப்பற்றவும் கூடும். எண்ணெய்ப் பிசுக்கேறிய பஞ்சுக் கழிவைக் குவித்து வைத்தால் நடப்பதும் இதுதான். ஆகவே சர்வதேச விமான விதிகளில் கொப்பரை, தானே எரியும் பொருள்களின் வரிசையில் இருக்கிறது. கோயில் பிரசாதத்தோடு கட்டிவைக்கும் கர்ப்பூரமும் தீப்பற்றும் பொருள். அதற்கு எந்தப் பெட்டியிலும் இடமில்லை. தீப்பெட்டிக்கும் லைட்டருக்கும் அப்படியே. பூச்சிமருந்துப் புட்டி எதுவானாலும் கூடாது. விபூதி, குங்குமத்துக்குத் தடையில்லை.

நான் செய்த தவறு வேறு. கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் 'பவர் பேங்க்' என்னும் கட்டியை ஒப்படைத்த பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பிரயாணிகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருக்கையில் என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்து அதை எடுத்தபின்பே அனுமதித்தார்கள். லித்தியம் மின்கலம் பழுதானால் தீப்பிடிக்கும். கையருகே இருந்தால் அணைக்கலாம், அடிப்பகுதியில் பெட்டிகளுக்கு நடுவே இருந்தால் யாரால் அணைக்க முடியும்? ஆகவே அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். அளவும் 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். கடைகளில் சாதாரணமாக விற்கும் 20,000 மில்லி ஆம்பியர்-மணி கட்டி இதற்குள் அடங்கும். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் புசான் நகரத்து விமான நிலையத்தில், புறப்பட இருந்த ஒரு விமானம் தீப்பற்றி எரிந்தது. பிரயாணிகளும் சிப்பந்திகளுமாக 176 பேரும் உயிர் தப்பினர். தலைக்கு மேலுள்ள பெட்டி மாடத்தில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் கூறப்பட்டது. அதற்குப் பின் பல விமானக் கம்பெனிகள், பறக்கும்போது அதைப் பயன்படுத்துவதையும் மேல் மாடத்தில் வைப்பதையும் தடை செய்துவிட்டன.

கைப்பையில் திரவப் பொருள் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட பாத்திரத்தில் இருக்கக் கூடாது. பாத்திரம் பெரிதாக இருந்து உள்ளே கொஞ்சம் இருந்தாலும் விடமாட்டார்கள். நெய்யும் எண்ணெயும் திரவக் கணக்கிலேயே சேரும். மிளகாய் ஊறுகாயையும் கைப்பையில் அனுமதிப்பதில்லை. இவற்றை நன்றாக மூடிக் கட்டி ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். நெசவாளர்கள் நாடா, கத்தரிக்கோல், பண்ணைக்குரிய கருவிகள் முதலியவற்றைச் செய்துகாட்டுவதற்காக எடுத்துச் சென்றால், அவையும் அந்தப் பெட்டியிலேயே போகட்டும். நாடாவின் இரு முனையிலும் உள்ள இரும்புக் கூரைப் பார்த்துச் சோதனை அதிகாரி என்ன நினைப்பார் என்று யோசித்தாலே போதும். மருந்துகளை மட்டும் இதற்கு நேர்மாறாகக் கைப்பையில் வைக்க வேண்டும். முக்கியமாக இன்சுலினை அடிப்பகுதிப் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். வைத்தியரின் சீட்டு கூடவே இருக்கட்டும். இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் உள்ள சில சரக்குகள் அரபு நாடுகளில் போதைப்பொருளாகக் கருதப்படுகின்றன.

அம்மாமார்களிடம் ஒரு வேண்டுகோள். மகளுக்கு மசாலை அரைத்துக் கொடுத்தனுப்பும்போது கசகசாவைச் சேர்க்காதீர்கள். கசகசா என்பது அபினிச் செடியின் விதை. நம் நாட்டில் அது மளிகைக் கடையில் கிடைக்கிறது. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் சவூதி அரேபியாவிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். தெரியாமல் கொண்டுவந்தேன் என்பது அங்கே பதிலாகாது. சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்கும் தடை உண்டு. வெற்றிலைப் பெட்டியோடு பழகிய பெரியவர்கள் இதைக் கேட்டு வருந்துவார்கள்; என்ன செய்வது! ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் கொண்டுபோகலாகாது. விமானத்திலேயே கொடுக்கும் படிவத்தில் உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்குச் சந்தேகமிருந்தால் "ஆம்" என்று எழுதுவதே உத்தமம். எழுதிக் காட்டினால் பொருள் போகும்; மறைத்தால் அபராதமும் சேர்ந்து வரும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வருகைப் படிவத்தை அங்கே சென்று சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் போலியானது.

விற்பனைக்கோ கண்காட்சிக்கோ சேலைகளைக் கொண்டுசெல்வது தனி விஷயம். உறவினர்களுக்கு நாலு சேலை கொண்டுபோவது வேறு. ஒரே மாதிரி நாற்பது சேலை கொண்டுபோவது வேறு. இரண்டாவதை எந்தச் சுங்க அதிகாரியும் வியாபாரம் என்றே கொள்வார். காட்சிக்கு வைத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவரும் சரக்குக்கு 'ஏ.டி.ஏ. கார்னே' என்று ஒரு பத்திரம் உண்டு. இந்தியாவில் அதை வழங்குவது 'ஃபிக்கி' எனப்படும் வர்த்தகத் தொழிற் சம்மேளனம். ஒரு வருஷம் வரை செல்லும். அதை ஏற்கும் நாடுகளில் தீர்வை கட்டாமலே சரக்கை உள்ளே கொண்டுபோய் வெளியே கொண்டுவரலாம். ஆனால் பட்டியலில் உள்ள உருப்படி ஒன்று அங்கே விற்றுப்போனால் அதற்குத் தீர்வை கட்டியே தீர வேண்டும். சங்கங்கள் தனித்தனியே முயல்வதைவிட, சென்னையிலுள்ள கைத்தறி ஏற்றுமதி வளர்ச்சி மன்றத்தின் மூலம் கண்காட்சிகளில் கலந்துகொள்வது செலவிலும் சிரமத்திலும் குறைவு. மேடை அலங்காரத்துக்கென மயிலிறகு எடுத்துச் செல்ல வேண்டாம். அதன் ஏற்றுமதி தடை செய்யப்பட்டுள்ளது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய ரூபாயை நபர் ஒருவருக்கு 25,000 வரைதான் வெளியே கொண்டுபோகலாம். வெளிநாட்டு நோட்டு, பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பிரயாணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற இடத்திலேயே மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

விமானத்துக்குள் ஏறிய பின் உடம்பு சம்பந்தமாகச் சில விஷயங்கள். விமானம் முப்பது நாற்பதாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பதைப் போல வைக்கப்படுகிறது. கொடைக்கானல் ஏழாயிரம் அடி. ஆகவே கொடைக்கானலில் மூச்சுத் திணறாதவருக்கு இங்கும் பொதுவாகச் சிரமமில்லை. இருதய நோயாளிகள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இறங்கும்போது காது அடைத்து வலிக்கும். எச்சிலை விழுங்குவதாலும், எதையாவது மெல்லுவதாலும் அடைப்பு நீங்கும். குழந்தைக்கு அந்தச் சமயத்தில் பால் கொடுக்கலாம். கடும் ஜலதோஷத்தோடு ஏறுவது நல்லதல்ல.

விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. ஈரப்பதம் பெரும்பாலும் இருபது சதவிகிதத்துக்கும் கீழேதான். நெசவாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வறண்ட காற்று வீசும் நாளில் பாவு இழை எப்படிப் படபடவென்று அறுகிறதோ, அதைப் போலவே தொண்டையும் உதடும் கண்ணும் காய்ந்துபோகும். அடிக்கடி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். கழிப்பறைக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடியாமல் இருக்கும் பெண்மணிகளைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. எழுந்து நடப்பது கால்களுக்கும் நல்லது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பிரயாணம் செய்தால் கால் நரம்பில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு நேரக்கூடியது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. குழித்தறியில் கால் மிதிப்பதைப் போல, உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் போதும்.

இறங்கிய இடத்தில் பெட்டி வரவில்லையென்றாலோ உடைந்து வந்தாலோ, அந்த மண்டபத்தைவிட்டு வெளியேறுமுன் விமானக் கம்பெனியின் மேஜையில் புகார் எழுதி, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையை இந்தியா 2009-இல் ஏற்றது. அதன்படி சேதத்துக்கு ஏழு நாட்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் செய்தால்தான் நஷ்ட ஈடு கோர முடியும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது, ரசீது போடாமல் சங்கத்தில் பணம் கட்டுவதைப் போன்றது.

திரும்பி வரும்போது இரண்டு விஷயங்கள் உள்ளன. ஒன்று, நகை. இங்கிருந்தே அணிந்துபோன வளையலையும் சங்கிலியையும் அங்கே வாங்கியவை என்று சந்தேகிக்க இடமுண்டு. கனமான நகை அணிந்து போகிறவர்கள் புறப்படும்போதே நிலையத்திலுள்ள சுங்க அதிகாரியிடம் காட்டி, ஏற்றுமதிச் சான்று ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டால், வரும்போது வாதாட வேண்டியதில்லை. நகைக் கடை ரசீதும் புகைப்படமும் கூட இருந்தால் வேலை எளிதாகும். புதிதாக வாங்கிவரும் தங்கத்துக்கு எவ்வளவு வரை தீர்வை இல்லை என்பது அவ்வப்போது மாற்றப்படுவதால், புறப்படும் சமயத்தில் சுங்க இலாகாவின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றது, செடியும் விதையும். விவசாயிக்கு வெளியூரில் ஒரு நல்ல பப்பாளியையோ மிளகாயையோ கண்டால் கை சும்மா இருக்காது. நாலு விதையை மடியில் முடிந்துகொள்வார். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை நம் அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி எல்லாவற்றிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் அது படர்ந்தது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. அதன் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். பெண் பூச்சிக்கு இறக்கையும் கிடையாது. இறக்கையில்லாத பூச்சி கடல் தாண்டி வருவதற்கு மனிதன் கொண்டுவரும் செடியும் காயும்தான் வாகனம். 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை அரசு முறைப்படி வரவழைத்து, சோதனைக் கூடத்தில் வளர்த்து, தோட்டங்களில் விட்ட பின்னரே அது கட்டுக்குள் வந்தது. அதற்குள் எத்தனை மல்பெரித் தோட்டங்கள் வெட்டப்பட்டன, எத்தனை மரவள்ளிக் காடுகள் வீணாயின என்பது அந்தந்த ஊராருக்குத் தெரியும். 2016-இல் பொள்ளாச்சித் தென்னைகளில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயும் மத்திய அமெரிக்காவைச் சேர்ந்ததே. ஓலையில் கரும்பூசணம் படிந்து நிற்கும் தோப்பை இன்றும் பார்க்கலாம்.

2003-ஆம் ஆண்டின் பயிர்த் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி, வெளிநாட்டு விதையோ நாற்றோ கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அதிகாரிகள் தரும் பயிர்நலச் சான்றும் வேண்டும். வெளிநாட்டில் கண்ட ரகம் மிகவும் மனதைக் கவர்ந்தால், அதன் பெயரையும் கண்ட இடத்தையும் குறித்துக்கொண்டு வந்து கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். அந்த ரகமோ, அதற்கு நிகரான ரகமோ ஏற்கனவே இங்கே ஆராய்ச்சிப் பண்ணையில் இருக்கவும் கூடும்.